யாருடைய வீதி: கழுகுமலையின் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள்

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் சாலையில் 20 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது கழுகுமலை. சுற்றிலும் மானம் பார்த்த கரிசல் பூமி. மழை விழுந்தால் செருப்போடு நடக்க முடியாது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்தத் தட்டைக் காட்டின் நடுவே மொட்டைப் பாறையாக ஒரு மலை, மலையடியில் முருகன் கோயில், கோயிலை ஒட்டித் தேரோடும் வீதிகள், அவற்றைச் சுற்றி ஊர். தூத்துக்குடி மாவட்டத்தில் பேரூராட்சி என்ற அளவைத் தாண்டாத ஊர். ஆற்றங்கரை கிடையாது, துறைமுகம் கிடையாது. எந்த அரசனும் இதைத் தலைநகராக வைத்துக்கொண்டதும் இல்லை.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கிறார்கள். சிற்பக்கலை எழுதுகிறவர்கள் வெட்டுவான் கோயிலோடு திரும்பிவிடுவார்கள். சாதி வரலாறு எழுதுகிறவர்கள் 1895 கலவரத்துக்கு மட்டும் வருவார்கள். மலைமேல் ஏறியவர் வீதிக்கு இறங்குவதில்லை, வீதிக்கு வந்தவர் மலையை அண்ணாந்து பார்ப்பதும் இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரே விவகாரம்தான் கிடக்கிறது: சுற்று வட்டாரம் முழுவதற்கும் பொதுவான ஓர் இடத்தில் யார் எந்த உரிமையோடு வந்து நிற்கலாம்? எட்டாம் நூற்றாண்டில் அது பாறையில் பேர் வெட்டிக்கொள்ளும் உரிமையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருவில் ஊர்வலம் போகும் உரிமையாக வந்து நின்றது.

முதலில் மலைக்குப் போவோம்.

கல்வெட்டுகளில் இதன் பெயர் அரைமலை. மலைச்சரிவில் கூரைபோல் முன்னால் நீண்டிருக்கும் பாறையின் முகத்தில் 150 அளவில் சமணத் திருமேனிகள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாம்புக் குடையோடு பார்சுவநாதர், கொடி சுற்றிய கால்களோடு பாகுபலி, சிங்கமும் பிள்ளைகளுமாக அம்பிகை என்று கவனம் இழுப்பவை சில உண்டு. எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுபவை வரிசை வரிசையாக இருக்கும் சின்னத் தீர்த்தங்கரர்கள். முக்குடையின் கீழ் அமர்ந்த ஒரே கோலம், ஒரே முகம். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்வது கீழே வட்டெழுத்தில் இருக்கும் வரிதான். இன்ன ஊர், இன்னார், ‘செய்வித்த திருமேனி’. அவ்வளவே. தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் இந்த மலையின் கல்வெட்டுகள் நூறை ஒட்டி அச்சாகியிருக்கின்றன. பெரும்பாலானவை ஓரிரண்டு வரிக்கு மேல் போகாதவை.

காலம் பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டியனின் ஆட்சியும் அதை ஒட்டிய தலைமுறைகளும். எட்டாம் நூற்றாண்டின் பின்பாதி, ஒன்பதாம் நூற்றாண்டு. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் மெய்க்கீர்த்தி நடையும் எதிர்பார்த்து வருகிறவருக்கு ஏமாற்றம்தான். இங்கே பேர் வெட்டிக்கொண்டவர்கள் தச்சர், குயவர், கொல்லர், உழுகுடிகள். ஒரு கோயில் எடுப்பிப்பதற்கு நாடு வேண்டும், ஊர் வேண்டும், இறையிலி நிலம் வேண்டும். ஒரு சாண் உயரத் திருமேனிக்குச் சிற்பியின் சில நாள் கூலி போதும். பாறை எல்லாருக்கும் பொது. அளவைச் சுருக்கியதால்தான் இத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பது என் எண்ணம். சில திருமேனிகள் வேறொருவரைச் சார்த்திச் செய்விக்கப்பட்டவை: புண்ணியம் அவருக்கு, செலவு இவருக்கு. உறவும் நன்றியும் துக்கமும் ஒரு வரியில் அடங்கிக் கிடக்கின்றன.

வந்தவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள் அல்ல. கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களைக் கொண்டு ஒரு வரைபடம் போட்டால் தென்பாண்டி நாட்டின் பெரும்பகுதி அதில் வந்துவிடும். நாஞ்சில் நாட்டுத் திருக்கோட்டாறு வருகிறது. திருச்சாரணம் வருகிறது, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைதான் அது. இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல். ஆக, அரைமலை ஓர் ஊரின் பள்ளியாக இருக்கவில்லை, பல ஊர்களின் கூடுமிடமாக இருந்தது. சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியர்களுக்கு உணவளிக்க நிவந்தம் விட்ட செய்தியும் இங்கேயே இருக்கிறது. படிப்பும் சோறும் ஒரே இடத்தில் கிடைத்தன என்று பொருள்.

இந்தப் பெயர்களுக்குள் குரத்தியார் என்ற பெண் ஆசிரியர்கள் அடிக்கடி வருகிறார்கள். திருச்சாரணத்துக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார் என்று ஊரை முன்னிட்டு அழைக்கப்படுகிறவர்கள். இவர்களுக்கு மாணாக்கர் இருந்தனர். இவர்களே திருமேனி செய்வித்தும் இருக்கிறார்கள். திகம்பர சமணத்தின் கோட்பாடு பெண் பிறவியிலேயே வீடுபேறு இல்லை என்று சொல்வது. ஏட்டில் அப்படி இருக்க, பாறையில் பெண்கள் குருவாக நிற்கிறார்கள். ஒரு சமயத்தை அதன் நூல்களை மட்டும் வைத்து எழுதினால் எதைக் கோட்டை விடுவோம் என்பதற்கு இந்த மலையைவிட நல்ல சான்று தமிழகத்தில் அதிகம் இல்லை.

போர்ச்செய்தியும் உண்டு. நெடுஞ்சடையன் மலைநாட்டு ஆய் அரசன் சடையன் கருநந்தன் மேல் படையெடுத்து அருவியூர்க் கோட்டையை அழித்த செய்தி, அந்தப் போரில் பட்ட வீரர்களுக்காகச் செய்த தர்மத்தை ஒட்டி இங்கே பதிவாகியிருக்கிறது. அன்று கரவந்தபுரம் என்ற உக்கிரன்கோட்டை பாண்டியரின் தென்முனைப் படைத்தளம். ஆய் நாட்டுக்குப் போகும் படைக்கு இந்த வட்டாரமே வாசல். கொல்லாமை பேசிய சமயத்தின் மலையில் போர்வீரர்களுக்குப் புண்ணியம் சேர்த்ததில் அந்தக் காலத்தவர் யாரும் முரண் கண்டதாகத் தெரியவில்லை.

அதே மலையின் இன்னொரு சரிவில், ஏறத்தாழ அதே காலத்தில், வேறு சமயத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. வெட்டுவான் கோயில். பாறையை மேலிருந்து கீழாக மூன்று பக்கமும் அகழ்ந்து, நடுவில் விட்ட கல்லையே விமானமாகச் செதுக்கிய சிவன் கோயில். மாமல்லபுரத்து ரதங்கள் தரைமேல் நின்ற பாறைகளில் செதுக்கியவை. இது மலைக்குள் பள்ளம் பறித்து எடுத்தது. எல்லோரா கயிலாசநாதர் கோயிலின் முறை. தமிழ்நாட்டில் இந்த முறைக்கு இது ஒன்றுதான் எடுத்துக்காட்டு.

மேலிருந்து தொடங்குவதால் சாரம் கட்டும் வேலை மிச்சம். ஆனால் ஒரு சங்கடம்: வேலை எந்த நாளில் நின்றாலும் மேல்பாதி முடிந்திருக்கும், கீழ்பாதி கல்லாகவே கிடக்கும். இங்கே நடந்ததும் அதுதான். சிகரத்தில் கொடிக்கருக்கு, கூடுகளுக்குள் முகங்கள், மூலைகளில் நந்திகள், கணங்களின் சிரிப்பு எல்லாம் மெருகு குறையாமல் இருக்கின்றன. தென்புறத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். மௌனத்தால் உபதேசிக்கிறவர் என்று நாம் பழகிவிட்ட கடவுள், இங்கே இரண்டு கையாலும் தாளத்தில் இருக்கிறார். கண்ணைக் கீழே இறக்கினால் அடித்தளம் இருக்க வேண்டிய இடத்தில் முரட்டுப் பாறையும் உளித்தடமும்.

ஏன் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. அப்பனும் மகனும் சிற்பிகள். அப்பன் மேலே வெட்டுவான் கோயில் வேலையில், மகன் கீழே முருகன் கோயில் வேலையில். மகன் வேலை முந்துகிறது. பொறாமையில் அப்பன் உளியால் மகனைக் கொன்றுவிட, மேல்வேலை அத்தோடு நின்றது. தமிழ்நாட்டில் முடியாமல் நின்ற கோயில் பலவற்றுக்கு இதே மாதிரி கதை இருப்பதால் இதை வரலாறாக எடுக்க முடியாது. ஆனால் கதை ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறது: மேல்கோயில் நின்றுபோனது, கீழ்க்கோயில் ஊரானது.

கீழ்க்கோயில் கழுகாசலமூர்த்தி கோயில். மலையைக் குடைந்த குடைவரையே கருவறை. மூலவரைச் சுற்றி வரவேண்டும் என்றால் மலையையே சுற்றியாக வேண்டும். கிரிவலம் இங்கே கட்டிடத்தின் கட்டாயத்தால் வந்தது. மேற்குப் பார்த்த முருகன், ஒரு முகம், ஆறு கை. மயில் மற்ற இடங்களைப் போல வலப்பக்கம் தலை திரும்பாமல் இடப்பக்கம் திரும்பியிருக்கும். அது சூரன் மயிலாவதற்கு முந்திய மயில், அதாவது இந்திரன் என்று விளக்கம் சொல்வார்கள். சடாயுவின் அண்ணன் சம்பாதி வழிபட்டதால் கழுகுமலை என்பது தலபுராணம். அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். சமணப் பள்ளி எப்போது ஆளில்லாமல் போனது என்பதைவிட, அதன் பக்கத்திலேயே அய்யனாருக்குக் கோயில் வந்து வழிபாடு தொடர்ந்தது என்பதுதான் ஊர்க்காரருக்குத் தெரிந்த வரலாறு.

நாயக்கர் காலப் பாளையப்பட்டு ஏற்பாட்டில் இந்த வட்டாரம் எட்டயபுரத்தின் கீழ் வந்தது. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு இங்கிருந்து பக்கம். அந்தச் சண்டையில் கும்பினியின் பக்கம் நின்ற எட்டயபுரம் பிறகு ஜமீனாக நிலைத்தது. அன்று முதல் கழுகுமலைக்கு மலையும் முருகனும் போக மூன்றாவதாக ஓர் எசமான். கோயில் நிர்வாகம், திருவிழா மரியாதை, தேர், தேரோடும் வீதி எல்லாம் அரண்மனையின் பார்வைக்குள் போயின. பாறை யாருக்கும் சொந்தமில்லாத காலம் முடிந்து, தெரு ஒருவருக்குச் சொந்தமான காலம் தொடங்கியது என்று இதைச் சுருக்கலாம்.

இந்த ஜமீன் காலத்தில்தான் கழுகுமலை தமிழுக்குக் காவடிச் சிந்தைத் தந்தது. சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். ஜமீன்தார் காவடியோடு கழுகுமலைக்கு வரும் வழிநடைக்குப் பாடியவையே அந்தச் சிந்துகள் என்பது வழிவழிச் செய்தி. பாட்டின் அமைப்பே அதற்குச் சாட்சி. காவடி தோளில் ஆடும்போது கால் வைப்பதற்கும் மூச்சு வாங்குவதற்கும் ஏற்றபடி அடிகள் நீண்டும் மடங்கியும் போகின்றன. உட்கார்ந்து கேட்கிறவருக்கு அது சந்த விளையாட்டு. நடக்கிறவருக்கு அது நடை. முப்பது வயதைத் தொடாமல் போய்ச் சேர்ந்த அந்தக் கவிஞருக்குப் பிறகு சிந்து கச்சேரி மேடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் சினிமாவுக்கும் போய்விட்டது.

ஒரு ஜமீன்தார் கூட்டத்தோடும் கொட்டோடும் இன்னொரு ஜமீனின் தேர்வீதிக்குள் பாடிக்கொண்டு நுழைய முடிந்த அதே ஆண்டுகளில், அதே வீதியில் ஊருக்குள்ளேயே குடியிருந்த ஒரு பிரிவினர் கல்யாண ஊர்வலம் போக முடியாமல் நீதிமன்றம் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் நாடார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமிரபரணிக்குத் தெற்கே பனையேறிகளாக ஒடுக்கப்பட்டுக் கிடந்த சமூகத்தின் ஒரு கிளை வடக்கே வந்து சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் வியாபாரத்தில் கால் ஊன்றியது. வண்டிப்பேட்டை, மகமை, உறவின்முறை என்று அவர்கள் கட்டிக்கொண்ட அமைப்புகள் காசைச் சேர்த்தன; காசு பள்ளிக்கூடம் ஆனது. கையில் பணம் வந்தபின் மதிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் மதிப்பைக் காட்டும் இடம் தெரு. பல்லக்கு, மேளம், மாப்பிள்ளை அழைப்பு எந்தத் தெருவில் போகிறதோ அதுதான் ஒரு குடும்பத்தின் இடம்.

கழுகுமலை நாடார்கள் தேரோடும் வீதியில் ஊர்வலம் போக உரிமை கேட்டார்கள். கோயில் தரப்பும் ஜமீனும் மறுத்தன. வழக்கில் அவை கோயிலைச் சேர்ந்த வீதிகள், எல்லாருக்குமான பொதுவழி அல்ல என்ற வாதம் எடுபட்டது. ஆங்கிலேயச் சட்டம் சாதி ஏற்றத்தாழ்வு என்ற பேச்சுக்கே போகாமல் சொத்துரிமை என்ற கதவு வழியாகப் பழைய தடையைக் காப்பாற்றிக் கொடுத்தது. இந்த ஊரின் வரலாற்றில் இதுதான் திருப்புமுனை என்று நினைக்கிறேன். வழக்கமாக இருந்தது அன்று தீர்ப்பாகிவிட்டது. வழக்கத்தை நாளாவட்டத்தில் பேசித் தளர்த்தலாம். தீர்ப்பை அப்படித் தளர்த்த முடியாது.

தோற்றவர்களில் பலர் கத்தோலிக்கத்துக்கு மாறினார்கள். தேர்வீதியிலேயே இடம் வாங்கிச் சிறிய ஜெபக்கூடம் அமைத்தார்கள். சொத்துரிமையைக் காட்டித் தடுத்தவர்களுக்குச் சொத்து வாங்கியே பதில் சொன்னார்கள். இதில் பக்தி எவ்வளவு, வைராக்கியம் எவ்வளவு என்று எடை போடும் வேலையை அன்றைய அதிகாரிகளும் செய்தார்கள், பின்னால் வந்த ஆய்வாளர்களும் செய்தார்கள். பாதிரியார் பின்னால் நிற்பது அரசாங்கம் பின்னால் நிற்பது மாதிரி என்ற கணக்கு இருந்திருக்கலாம். அதனால் அவர்கள் விசுவாசம் பொய் என்று ஆகாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் திருமேனி செய்வித்த தச்சனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

1895 ஏப்ரல். பங்குனித் திருவிழா. ஜெபக்கூடத்தின் முன்னால் வீதிப்பக்கம் நீண்ட பந்தல் தேர் போவதற்கு இடைஞ்சல் என்று தகராறு தொடங்கியது. தேர் கிளம்பிவிட்டால் நிலைக்கு வந்து சேர வேண்டும். நடுவீதியில் நின்றால் ஊருக்கே ஆகாது என்பது கோயில் பக்கத்து நம்பிக்கை. பந்தல் எங்கள் இடத்தில் இருக்கிறது, பிரிக்க முடியாது என்பது எதிர்ப்பக்கத்து நிலை. வாக்குவாதத்தில் ஜமீன் மேலாளர் குத்திக் கொல்லப்பட்டார். அதன்பின் தேர் இழுக்க வந்திருந்த கூட்டத்துக்கும், அதில் முன்னின்ற மறவர்களுக்கும், நாடார்களுக்கும் இடையே வெட்டும் தீவைப்பும் நடந்தன. பலர் செத்தார்கள், வீடுகள் எரிந்தன. நாடார் வரலாறு பற்றி 1969இல் நூல் எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ் தொடங்கிப் பலரும் இதை எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் இதை 1899 சிவகாசிக் கலவரத்துக்கு முன்னோட்டமாகவே வைக்கிறார்கள். பிராந்திய வரலாற்றுக்கு அது சரி. ஆனால் ஊர் வரலாறாகப் பார்த்தால் இது எதற்கும் முன்னோட்டம் இல்லை. பல ஆண்டுகளாக மனுவாகவும் வழக்காகவும் நடந்த ஒன்றின் முடிவு. காகிதத்தில் எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் கத்தி வந்தது.

வெளியே சட்டம் மெல்லத்தான் அசைந்தது. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் 1897இல் நுழைந்தது பற்றிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் உருவானது. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் பிரவேசம், 1947இல் மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம், 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். அரண்மனை விலகியது. தேவாலயமும் ஊரில் நிலைத்தது, தேரும் ஓடுகிறது.

கரிசல்காட்டுச் சம்சாரிக்குக் கழுகுமலை என்றால் வழக்கும் வட்டெழுத்தும் நினைவுக்கு வராது. பங்குனித் திருவிழாவும் அதை ஒட்டிய மாட்டுத்தாவணியும்தான் வரும். வெள்ளாமை வீட்டுக்கு வந்து, அடுத்த மழைக்கு இடைவெளி இருக்கும் காலம் அது. கையில் பருத்திக் காசு, மிளகாய்க் காசு கொஞ்சம் இருக்கும். உழவுமாடு பல் பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி, மூக்கணாங்கயிறு புதிதாக மாற்றி ஓட்டிக்கொண்டு போவார்கள். பக்கத்து இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் எழுத்தால் தமிழ் வாசகருக்கு அறிமுகமான உலகம் இது. டிராக்டர் வந்தபின் உழவுமாட்டுக்குத் தேவை குறைந்தது, தாவணியும் சுருங்கியது. வானம் பொய்த்த ஆண்டுகளில் இந்தக் காட்டு ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றியது தீப்பெட்டி ஆபீஸ். வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியும் ஆபீஸில் கட்டை அடுக்கியும் பெண்கள் கொண்டுவந்த கூலியில்தான் கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்தில் ஒரு தலைமுறை வளர்ந்தது. இதற்குக் கல்வெட்டும் இல்லை, தீர்ப்பு நகலும் இல்லை. ஊரின் சமூக வரலாறு எழுதப் புகுகிறவர் முதலில் போய்க் கேட்க வேண்டியது அந்தப் பெண்களிடம். இப்போது எழுபதைத் தாண்டியவர்கள் அவர்கள். காலம் அதிகம் இல்லை.

மலைமேல் இருக்கும் சிற்பங்கள் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில். வடக்கிலிருந்து சமண யாத்திரிகர்களும், கேமராவோடு மாணவர்களும், அய்யனாரைக் கும்பிட உள்ளூர்க்காரர்களும் ஒரே படியில் ஏறுகிறார்கள். கீழ்க்கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடம். தேரோடும் வீதிகளின் குப்பை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பேரூராட்சியின் பொறுப்பு. விளக்கு எரியவில்லை என்றால் அந்த வீதியில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் மனு எழுதிக் கொடுக்கலாம்.